கீ ஸ்டீல் பட்டையா, ரெடிமேட் கீயா? கடைக் கீகளை அளந்து பார்த்தவரின் மதிப்புரை

கீ என்பது ஷாஃப்டும் அதில் மாட்டிய புல்லியோ கியரோ ஒன்றாகச் சுற்றும்படி நடுவே சொருகும் எஃகுத் துண்டு; அது உட்காரும் பள்ளம்தான் கீவே. கடையில் "12க்கு 8 கீ ஒன்று கொடுங்க" (12 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம்) என்று கேட்டால் மூன்று விதமான சரக்கில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். இரண்டு முனையும் வட்டமாக, எண்ணெய் தடவிப் பொட்டலத்தில் வரும் ரெடிமேட் கீ ஒன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள பளபளப்பான கீ ஸ்டீல் பட்டையிலிருந்து அறுத்துத் தரும் துண்டு இன்னொன்று. மூன்றாவது, கிடைத்த எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் எஃகு) சதுரக் கம்பியை இழைத்து, அரம் போட்டு, "இதுவும் கீதானுங்க" என்று நீட்டுவது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஷாஃப்டில் உட்கார்ந்து சுமை ஏறிய பிறகுதான் வித்தியாசம் வெளியே வரும். அந்த நேரத்தில் கெட்டுப்போவது கீ மட்டுமல்ல, ஷாஃப்டும் கியரும் சேர்ந்தே போகும்.

கோவை கணபதியில் ஸ்லாட்டிங், மில்லிங் கூலி வேலை எடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. நூற்பாலை, ஃபவுண்டரி, எண்ணெய்ச் செக்கு, நார் மில் என்று பல இடங்களிலிருந்து புல்லியும் கியரும் கப்ளிங்கும் கீவே போட வருகின்றன. கீவே போட்டுக் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்று விட மனம் வராது. அதில் என்ன கீ போடப் போகிறார்கள் என்று கேட்காமல் அனுப்புவதில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டு, கடைக் கீகளை அளந்து அளந்து சேர்ந்த அபிப்பிராயம்தான் இது.

என் ஓட்டு கீ ஸ்டீல் பட்டைக்குத்தான். சி45 தரத்தில் (நடுத்தரக் கார்பன் எஃகு), குளிர் இழுப்பில் (சூடாக்காமல் அச்சு வழியே இழுத்து) வந்த பிரைட் பட்டை. பெரும்பாலான பழுது வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை. 12க்கு 8 பட்டை ஒரு மீட்டர் வாங்கினால் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். அதில் 60 மி.மீ. கீ பதினைந்துக்கு மேல் அறுக்கலாம். ஒரு கீக்கு என்ன செலவு என்று வகுத்துப் பார்த்தால் ரெடிமேட் கீயைவிட நிச்சயம் குறைவு. அதைவிடப் பெரிய சௌகரியம் நீளம். ரெடிமேட் கீயின் நீளம் ஒரு வரிசையில் வரும்: 40, 45, 50, 56, 63, 70, 80. உங்கள் ஹப்புக்கு (புல்லியோ கியரோ ஷாஃப்டில் உட்காரும் நடுப் பகுதி) 60 வேண்டுமென்றால் 56ஐப் போட்டுச் சமாளிக்க வேண்டும், அல்லது 63ஐ வாங்கி முனையை அறுக்க வேண்டும். பட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

பட்டை வாங்கும்போது பார்க்க வேண்டியது முதலில் அகலம். கீயின் அகலத்துக்கு எச்9 (சின்ன எச்) என்று ஒரு அளவு விலக்கம் உண்டு. 12 மி.மீ. கீ என்றால் 12.000க்கு மேலே போகக் கூடாது, 11.957க்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல பட்டை இதற்குள் நிற்கிறது. பட்டையின் இரு முனையிலும் நடுவிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். வெர்னியர் போதாது, வெர்னியரில் 11.95ம் 11.98ம் ஒன்றாகத்தான் தெரியும். கடைக்காரர் முன்னால் மைக்ரோமீட்டரை எடுக்கச் சங்கடப்பட வேண்டாம். நல்ல சரக்கு வைத்திருப்பவர் அதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை. உதிரியாக வாங்கிய ஒரு பட்டையில் ஒரு முனை 11.97, மறு முனை 11.90 என்று இருந்தது. 11.90 பக்கத்தில் அறுத்த கீ கையால் தள்ளினாலே கீவேக்குள் இறங்கும். அது கீயே அல்ல.

உயரத்துக்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை. செவ்வகக் கீயில் உயரம் எச்11 போதும், ஏனென்றால் இந்த வகைக் கீ பக்கவாட்டில் வேலை செய்கிறதே தவிர மேலும் கீழும் அல்ல. 12க்கு 8 கீக்கு ஷாஃப்டில் ஆழம் 5 மி.மீ., ஹப்பில் 3.3 மி.மீ. கூட்டினால் 8.3. கீ 8தான். ஆக மேலே 0.3 இடைவெளி எப்போதும் இருக்கும், இருக்கவும் வேண்டும். இது தெரியாமல், கீ மேலே தளர்வாக இருக்கிறது என்று உயரம் கூட்டிய கீயைச் சுத்தியால் அடித்து ஏற்றுகிறவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால் கீ ஹப்பை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். புல்லி என்றால் கொஞ்சம் ஆடும். கியர் என்றால் ஒரு பக்கப் பல் இறுகி, மறு பக்கப் பல் விலகி, சத்தம் போட்டுக்கொண்டே தேயும்.

அடுத்து நேர்த்தன்மை. குளிர் இழுப்புப் பட்டைக்கு உள்ளே இறுக்கம் (ஸ்ட்ரெஸ்) தங்கியிருக்கும். ஒரே முகத்தில் ஒரு மி.மீ. மில்லிங் போட்டால் மீதித் துண்டு வளைந்துகொள்ளும். அதனால் 14க்கு 9 பட்டையை வாங்கி அதில் 12க்கு 8 எடுக்கலாம் என்ற யோசனையே வேண்டாம். தேவையான குறுக்களவிலேயே பட்டை வாங்கி, நீளத்தை மட்டும் அறுத்து, விளிம்பைச் சாய்த்துவிட்டுப் போடுவதுதான் இந்தச் சரக்கின் முறை. விளிம்பு என்றதும் ஒரு குறை சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் பல பட்டைகளின் மூலை கத்திபோலக் கூராக வருகிறது. 10லிருந்து 18 வரை அகலமுள்ள கீக்கு நான்கு நீள விளிம்பிலும் அரை மி.மீ. போலச் சாய்ப்பு வேண்டும். கீவேயின் அடி மூலையில் சின்ன வளைவு இருக்கும். கூர் மூலை அந்த வளைவில் ஏறி உட்கார்ந்து கீயைத் தூக்கிப் பிடிக்கும். சிலர் கீ உட்காரவில்லை என்று கீவே மூலையைச் சுரண்டிக் கூராக்குகிறார்கள். ஷாஃப்டில் விரிசல் ஆரம்பிக்கப் பிடித்த இடமே அந்தக் கூர் மூலைதான். கீயின் விளிம்பில் அரம் போடுங்கள், ஷாஃப்டைத் தொடாதீர்கள்.

தரம் சி45தானா என்று எப்படி நம்புவது? சான்றிதழ் கேட்டால் பெரிய வியாபாரி கொடுப்பார், சின்னக் கடையில் கிடைக்காது. கிரைண்டிங் வீலில் ஒரு துண்டை லேசாகத் தொட்டுப் பாருங்கள். எம்எஸ்ஸின் பொறி நீளமாக, கிளை அதிகம் இல்லாமல் ஓடும். சி45 பொறி நுனியில் நட்சத்திரமாகச் சிதறும். பக்கத்தில் தெரிந்த ஈஎன்8 (ஏறக்குறைய சி45 போன்ற தரம்) துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் குழப்பமே வராது. இந்திய அளவுநெறி ஐஎஸ் 2048 கீக்கான எஃகுக்குச் சுமார் 600 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு இத்தனை நியூட்டன்) இழுவிசை வலு கேட்கிறது. நாம் கேட், கிராதிக்கு வாங்கும் சாதாரண எம்எஸ் 410தான், அதுவும் 250லேயே நிரந்தரமாக நசுங்க ஆரம்பித்துவிடும்.

இந்த 250க்கு என்ன அர்த்தம் என்று ஒரு மரச்செக்கு வேலையில் பார்த்தோம். 5 எச்பி மோட்டார், கியர் வழியாக வேகம் குறைந்து செக்கு நிமிடத்துக்கு 12 சுற்று. கடைசி ஷாஃப்ட் 75 மி.மீ., கீ 20க்கு 12, நீளம் 100. வேறொரு இடத்தில் எம்எஸ் கம்பியில் கீ இழைத்துப் போட்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் கீ நசுங்கி, கியரின் கீவே வாய் பிளந்து, ஷாஃப்ட் கீவேயின் ஓரமும் சிதைந்து வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, 5 எச்பி மோட்டார்தானுங்க. மோட்டார்ல இத்துனூண்டு கீ ஒண்ணும் ஆகாம இருக்குது, இவ்வளவு பெரிய கீ எப்படிங்க நசுங்கும்?"

நல்ல கேள்வி. மோட்டார் ஷாஃப்ட் 28 மி.மீ., 1440 சுற்று. அங்கே முறுக்கம் (சுழற்றும் திறன், டார்க்) 25 நியூட்டன் மீட்டருக்குள்தான். கீயின் மேல் விழும் தள்ளு விசை சுமார் 1,750 நியூட்டன், அதாவது 180 கிலோ எடை போல. அதே 5 எச்பி 12 சுற்றில் வெளியே வரும்போது, இடையில் ஆகும் இழப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், முறுக்கம் 2,900 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. 75 மி.மீ. ஷாஃப்டின் ஓரத்தில் அது 78,000 நியூட்டன். எட்டு டன்! இந்த எட்டு டன்னையும் தாங்குவது கீ ஹப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான பக்கவாட்டு முகம். 12 உயரத்தில் 7.5 ஷாஃப்டுக்குள் போய்விடும். விளிம்புச் சாய்ப்பையும் கழித்தால் ஏறக்குறைய 4 மி.மீ. மிஞ்சும். 100 நீளத்துக்கு 400 சதுர மி.மீ. வகுத்தால் 195 மெகாபாஸ்கல். கடலை நிறைந்து நிற்கும் செக்கை மோட்டார் இழுத்துக் கிளப்பும் நேரத்தில் முறுக்கம் இரண்டு மடங்கு ஆவது சகஜம். எம்எஸ்ஸின் 250 அங்கே என்ன செய்யும்?

கவனித்தீர்களா, கீ வெட்டுப்படவில்லை, நசுங்கியது. வெட்டு விசை கணக்கில் 20 அகலமும் 100 நீளமும் சேர்ந்து 40 மெகாபாஸ்கல்கூட வராது. ஆனால் கீ என்றாலே வெட்டுப்படுவதைப் பற்றித்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள். கீ தேர்ந்தெடுப்பதில் முதலில் போட வேண்டிய கணக்கு பக்க முகத்தின் நசுங்கல். அதிலும் கியர் வார்ப்பிரும்பு என்றால் கீக்கு முன்னால் கியர்தான் தளரும்.

அந்த வேலையில் சி45 கீ மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் மறுபடியும் வந்திருக்கும். ஷாஃப்ட் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும் என்றானதால், கியர் உட்காரும் இடத்தை மட்டும் 90க்கு உயர்த்தினோம். கியர் ஹப்பில் சதை இருந்தது. போரை (ஷாஃப்ட் நுழையும் துளையை) 75லிருந்து 90க்குப் பெருக்கியதில் பழைய பிளந்த கீவே முழுசாக மறைந்தே போனது. அதற்கு 25க்கு 14 கீ. தள்ளு விசையும் குறைந்தது, தாங்கும் முகமும் கூடியது; 195 இருந்த இடத்தில் 150. சி45 பட்டை கீ போட்டு அனுப்பினோம். செக்கு ஓடுகிறது.

இப்படிச் சொன்னதும், "அப்படியென்றால் ஈஎன்24ல் கீ போட்டுவிடலாமே, ஹார்டனிங்கும் கொடுத்துவிடலாமே" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். ஈஎன்24 என்பது இன்னும் கெட்டியான கலப்பு எஃகு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. திடீரென்று கியருக்குள் ஏதோ சிக்கி நின்றுவிட்டால் எது முதலில் போக வேண்டும்? ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடிய கீ போக வேண்டும். ஷாஃப்டைவிடக் கெட்டியான கீ போட்டால் கீ தப்பித்து ஷாஃப்டின் கீவே கிழியும். ஹார்டனிங் கொடுத்த கீ இன்னும் மோசம். நசுங்கி எச்சரிக்கை தராமல் பட்டென்று முறியும். முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஓடும் இடம், அதிர்ச்சிச் சுமை விழும் இடம் என்று வடிவமைத்தவரே கணக்குப் போட்டு ஈஎன்24 கேட்டிருந்தால் போடுங்கள். மற்றபடி அது காசைக் கொடுத்து ஷாஃப்டைக் கெடுத்துக்கொள்வது.

ரெடிமேட் கீ பற்றி. பொட்டலத்தில் வரும் நல்ல தயாரிப்பாளர்களின் கீ அகலம், உயரம், விளிம்புச் சாய்ப்பு மூன்றிலும் சுத்தமாக இருக்கிறது. எண்ட் மில்லில் போட்ட, இரு முனையும் வட்டமான கீவேக்கு இதைத்தான் வாங்க வேண்டும். பட்டைத் துண்டின் முனையைக் கையால் வட்டமாக அரம் போட்டு உட்கார வைப்பது நேர விரயம். மோட்டார் ஷாஃப்டுகள் பெரும்பாலும் இந்த வகைதான். 28 ஷாஃப்டுக்கு 8க்கு 7, 38க்கு 10க்கு 8, 42க்கு 12க்கு 8, 48க்கு 14க்கு 9 என்று மோட்டாருக்கு மோட்டார் மாறாமல் இருப்பதால் இந்த நான்கையும் டப்பாவில் வைத்திருந்தால் பாதி அவசரம் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: முனை வட்டமான கீயின் முழு நீளமும் சுமை தாங்காது. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். 12 அகலம், 63 நீளம் என்றால் வேலை செய்வது 51தான்.

சதுர முனைக் கீயில் வேறு பிரச்சினை. டிஸ்க் கட்டரில் போட்ட கீவே முனையில் சரிவாக ஏறி முடியும். ஷாஃப்டின் ஆயுளுக்கு அது நல்லது, மூலையில் இறுக்கம் குறைவாகச் சேரும். ஆனால் கீயை நிறுத்த அங்கே சுவர் கிடையாது, ஓட ஓட வெளியே நடந்து வந்துவிடும். ஹப்பில் கீக்கு மேலே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) போட்டே ஆக வேண்டும்.

எந்த இறுக்கத்தில் போடுவது என்பதற்கும் முறை உண்டு. கீவே அகலத்தின் அளவு விலக்கக் குறிகளில், ஷாஃப்ட் கீவே என்9, ஹப் கீவே ஜேஎஸ்9 என்பது பொது வேலைக்கு. அதில் கீ ஷாஃப்டுக்குள் மரச் சுத்தியின் லேசான தட்டில் இறங்கி நிற்கும். ஹப் மேலே கையழுத்தத்திலோ சின்னத் தட்டிலோ ஏறும். திருப்பித் திருப்பி ஓடும் மிஷினுக்கு இரண்டும் பி9, இன்னும் இறுக்கம். கியர் ஷாஃப்டில் நகர வேண்டிய இடத்துக்கு ஷாஃப்ட் எச்9 (இது பெரிய எச்), ஹப் டி10. கீவே போடக் கொடுக்கும்போது "12 கீவே" என்று மட்டும் சொல்லாமல் இந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னால் போடுகிறவருக்கு எவ்வளவு உதவி தெரியுமா! இன்னும் நல்லது, போடப்போகும் கீயையே கையோடு கொடுத்துவிடுவது.

கீவே தேய்ந்து 12.15 ஆகிவிட்டது என்றால் தகரத்தைச் சொருகிக் கீ போடாதீர்கள். தகரம் நாலு நாளில் பிதுங்கும், ஆட்டம் தொடங்கும், ஒவ்வொரு ஆட்டமும் கீவே வாயை இன்னும் அகலமாக்கும். ஷாஃப்டில் சதை இருந்தால் 90 அல்லது 180 டிகிரி தள்ளிப் புதுக் கீவே போடலாம். ஷாஃப்ட் நன்றாக இருந்து ஹப் மட்டும் அகன்றிருந்தால், ஹப்பை 14க்குத் திறந்து, கீழே 12 மேலே 14 என்று படி வைத்த கீ செய்து போடலாம். இதற்கு 14 பட்டையில் மில்லிங் போட வேண்டியிருப்பதால் வளைவு வரும். இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் தப்பிக்கலாம்.

டேப்பர் கீ, தலை வைத்த ஜிப் கீ இரண்டும் இன்னும் கடையில் விற்கிறார்கள். 100க்கு 1 சரிவு. அடித்து ஏற்றினால் மேலும் கீழும் இறுகிப் பிடிக்கும். மெதுவாகச் சுற்றும் பெரிய புல்லி, பழைய மில் சக்கரம் இவற்றுக்குச் சரி. கியருக்கு வேண்டவே வேண்டாம், மையம் விலகும். ஜிப் கீயின் தலை ஹப்புக்கு வெளியே துருத்திக்கொண்டு சுற்றும். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூடி போடாத ஜிப் கீ உள்ள மிஷின் பக்கத்தில் ஆளை நிற்க விடக் கூடாது.

மோட்டார் கப்ளிங் மாற்றுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மோட்டார் ரோட்டரைப் பாதிக் கீ வைத்துச் சமன் செய்வதுதான் இப்போதைய வழக்கம். அப்படிச் செய்த மோட்டாரில் 'எச்' என்ற குறி இருக்கும். கப்ளிங் 60 நீளம், நீங்கள் போட்ட கீ 80 என்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 20 மி.மீ. கீயின் மேல் பாதி எடை சமனில்லாமல் சுற்றும். 2900 சுற்று மோட்டாரில் அதிர்வு மீட்டரில் அது தெரியும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் பாதியை ஷாஃப்ட் மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். பட்டைக் கீ என்றால் ஆரம்பத்திலேயே நீளத்தைச் சரியாக அறுத்துக்கொள்ளலாம்.

கோவையில் இன்னும் ஓடும் பழைய இங்கிலாந்து மிஷின்களுக்கு அங்குலக் கீ வேண்டும். கடையில் அதைத் தேடுவது கொஞ்சம் அலைச்சல்தான், ஆனாலும் தேடுங்கள். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பக்கத்தில் 8 மி.மீ. கீ இருக்கிறதே என்று அரம் போட்டுத் திணிப்பதும், 8 மி.மீ. கீவேயில் 5/16 கீயைப் போட்டுவிட்டு நன்றாக ஏறிவிட்டது என்று திருப்திப்படுவதும் இரண்டுமே தவறு. ஒரே டப்பாவில் இரண்டையும் போட்டு வைக்கும் கடைகளில் நான் கீயே வாங்குவதில்லை. பட்டை விற்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: பட்டையின் ஒரு முனையில் தரத்தையும் அளவையும் குத்தி அனுப்புங்கள். இப்போது பல பட்டைகளில் பெயிண்ட் குறி மட்டும்தான் வருகிறது, முதல் துண்டை அறுத்ததும் அது போய்விடுகிறது. குறி உள்ள முனையை நான் கடைசியில்தான் அறுப்பேன்.